மூலை நாற்காலிக்கும் வசனம் கேட்கும் சென்டர் ஸ்பீக்கர் எது?

கல்லிடைக்குறிச்சியில் மாமா வீட்டுப் பட்டாசலில் (நடுக்கூடத்தில்) ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏழெட்டுப் பேர் கூடிப் படம் பார்ப்போம். தூணை ஒட்டிக் கிடக்கும் மரநாற்காலி ஆச்சிக்கு. படம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, “ஏல, அவன் என்ன சொல்லுதான்?” என்று கேட்டுவிடுவாள். சத்தத்தைக் கூட்டுவோம். அடுத்தாற்போல் சண்டைக் காட்சி வந்து ஜன்னல் கண்ணாடி அதிரும். மதினி அடுக்களையிலிருந்து ஓடிவந்து ரிமோட்டை வாங்கிக் குறைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கும். ஆச்சிக்குக் காது மந்தமாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். டாக்டரிடம் காட்டியதில், வயதுக்கு உரிய குறைவுதான், மெஷின் வைக்கும் அளவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

போன தீபாவளிக்கு ஆச்சி சோபாவின் நடுவில் உட்கார்ந்து சீனியவரைக்காய் ஆய்ந்துகொண்டே படம் பார்த்தாள். ஒரு தடவைகூட யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிவிக்குக் கீழே படுத்திருந்த சென்டர் ஸ்பீக்கரிலிருந்து தூணோர நாற்காலிக்குக் குரல் முழுசாகப் போய்ச் சேரவில்லை. அந்தப் பெட்டியைத் தேர்ந்து வாங்கிக் கொடுத்தவன் நான். அதன் பிறகு இந்த விஷயத்தை ஒழுங்காகப் படித்து, டேப் வைத்து அளந்து, சொந்தக்காரர் வீடுகளில் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டேன். இப்போது யாராவது எந்த சென்டர் வாங்கலாம் என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: உங்கள் வீட்டில் டிவிக்கு மிகவும் ஓரத்தில் உட்காருவது யார், எவ்வளவு ஓரம்?

ஐந்து ஸ்பீக்கரும் ஆழ்ந்த ஒலிக்கென ஒரு சப்வூஃபரும் சேர்ந்த 5.1 செட்டில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் வழியாகவே வருகிறது. சப்வூஃபர் இல்லாமல்கூட ஒரு படத்தை ரசித்துவிடலாம். வசனம் புரியாமல் முடியாது. தியேட்டரில் இடைவேளையின்போது திரைக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், பொடிப்பொடியாய் ஓட்டைகள் தெரியும். அதற்குப் பின்னால் இடம், நடு, வலம் என்று மூன்று ஸ்பீக்கர்கள் நிற்கின்றன, மூன்றும் ஒரே வகை. 1933இல் பெல் ஆய்வுக்கூடத்தார் பிலடெல்பியாவில் வாசித்த இசையைக் கம்பி வழியாக அனுப்பி வாஷிங்டன் அரங்கில் ஒலிக்கச் செய்தபோதும் மேடையில் மூன்று தொகுதிகளைத்தான் வைத்தார்கள். பெரிய கூட்டத்துக்கு இரண்டு போதாது, ஓரத்தில் இருப்பவருக்கு நடு காணாமல் போய்விடும் என்பது அப்போதே தெரிந்த சங்கதி. வீட்டில் டிவிக்குப் பின்னால் ஸ்பீக்கர் வைக்க வழியில்லை. அதனால் பெட்டியைப் படுக்க வைத்து டிவிக்குக் கீழே செருகினார்கள். சென்டர் ஸ்பீக்கர் நீளமாகப் படுத்திருப்பதற்குக் காரணம் டிவி. ஒலியின் நன்மைக்காக அந்த வடிவம் வரவில்லை.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்தச் சங்கடம் கூடுதல். திருநெல்வேலி டவுனிலும் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் ஒடுக்கமாக உள்ளே நீண்டு போகும். தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை என்று வாசல்கள் நேருக்கு நேர்; தெருவில் நின்றால் புறவாசல் தெரியும். பட்டாசலின் இரண்டு குட்டைச் சுவர்களையும் வாசல் எடுத்துக்கொள்வதால் டிவியை நெடுஞ்சுவரில்தான் மாட்ட முடியும். மாமா வீட்டில் டிவிக்கும் எதிர்ச்சுவர் சோபாவுக்கும் ஒன்பது அடிதான். ஆட்களோ பக்கவாட்டில் பத்துப் பன்னிரண்டு அடிக்குப் பரந்து உட்காருவார்கள். பெருமாள்புரம், மகாராஜநகர்ப் பக்கத்துப் புது வீடுகள் வேறு மாதிரி. ஹால் ஏறக்குறையச் சதுரம், கூட்டம் சோபாவோடு முடிந்துவிடும். இந்த இரண்டு வீட்டுக்கும் ஒரே பெட்டியைச் சொல்ல எனக்கு மனம் வராது.

முதலில், சென்டரே வாங்காமல் இருப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பலர் இதை யோசிப்பதே இல்லை. எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரில் சென்டர் இல்லை என்று குறித்துவிட்டால் வசனம் இடம், வலம் இரண்டுக்கும் சமமாகப் பிரிந்து போகும். சரியாக நடுவில் இருப்பவருக்குக் குரல் டிவியிலிருந்தே வருவதுபோல் தோன்றும். நல்ல ஜோடி ஸ்பீக்கர் என்றால் அந்தத் தோற்றம் அவ்வளவு துல்லியமாக இருக்கும். ஆனால் நகர்ந்தால் போயிற்று. ஆறு அடி இடைவெளியில் இரண்டு ஸ்பீக்கர், ஒன்பது அடி தூரத்தில் நீங்கள். இரண்டு அடி இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்தால் வல ஸ்பீக்கர் ஒன்றேகால் அடி கூடுதல் தூரமாகிவிடும். ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 35 சென்டிமீட்டர் ஓடும். ஆகவே வல ஸ்பீக்கரின் ஒலி ஒரு மில்லி விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகத் தாமதித்து வரும். நம் காது முதலில் வந்து சேரும் ஒலியின் பக்கமே திரும்பும். இந்தத் தாமதமே போதும், திரையில் வலது ஓரம் நிற்பவர் பேசுவதுகூட இட ஸ்பீக்கரிலிருந்து கேட்கும். நடுவில் இருப்பவருக்கும் ஒரு சிறு நஷ்டம் உண்டு. ஒவ்வொரு காதுக்கும் இரண்டு ஸ்பீக்கரின் ஒலியும் சற்று முன்பின்னாக வந்து சேர்வதால் 2,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 2,000 அதிர்வு) பக்கம் ஒலி குறைந்து ஒரு பள்ளம் விழும். ஒருவரோ இருவரோ நெருங்கி உட்கார்ந்து பார்க்கும் வீடு, பட்ஜெட்டும் இறுக்கம் என்றால் இதுவே நல்ல வழி. மட்டமான சென்டர் ஒன்றைச் சேர்ப்பதைவிட அந்தப் பணத்தையும் இடம் வலம் ஜோடியிலேயே போடலாம்.

அடுத்தது கடையில் சென்டர் என்று கேட்டதும் எடுத்து வைக்கும் பெட்டி. நடுவில் உச்ச ஒலிக்கான சின்ன ட்வீட்டர், இரண்டு பக்கமும் மற்ற ஒலிக்கான வூஃபர் ஒவ்வொன்று. பார்க்க லட்சணமாக இருக்கும், டிவிக்குக் கீழே அளவெடுத்ததுபோல் அடங்கும், இடம் வலம் ஸ்பீக்கர்களோடு ஒரே வரிசையில் வருவதால் குரலின் நிறமும் ஒத்துப்போகும். ஆச்சியின் நாற்காலியைத் தோற்கடித்தது இதுதான். காரணம் எளிய கணக்கு. ஐந்து அங்குல வூஃபர் இரண்டும் மையத்துக்கு மையம் சுமார் 28 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். இரண்டும் ஒரே ஒலியைத்தான் எழுப்புகின்றன. நேர் எதிரே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாக வந்து சேரும். ஒன்பது அடி தூரத்தில் நான்கு அடி பக்கவாட்டில் இருப்பவருக்கு ஒரு வூஃபர் மற்றதைவிட 11 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தூரமாகிவிடும். 1,500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 23 சென்டிமீட்டர். அதில் பாதிதான் அந்த வித்தியாசம். ஒரு அலை ஏறும்போது மற்றது இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்பும், அதனால் மொத்தமாக ஊமையாகிவிடாது. குரல் மெலியும், எழுத்துகள் மழுங்கும்.

அதிலும் தமிழுக்கு இந்த இடம் முக்கியமானது. லகர, ளகர, ழகரங்களைக் காது பிரித்தறிவது பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கும் குறிப்புகளை வைத்துத்தான். நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகளில் அங்குள்ள ஒலி உச்சம் ஒன்று கீழே இறங்கும்; லகரத்தில் அது மேலே நிற்கும். அந்த இடத்திலேயே குழி விழுந்தால் மலையா மழையா என்று காதால் முடிவுசெய்ய முடியாது, முன்பின் வார்த்தையை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். இளம் காது சட்டென்று ஊகித்துவிடும். எழுபத்தெட்டு வயதுக் காதுக்கு அது ஒவ்வொரு வாக்கியத்திலும் உழைப்பு.

அதற்காக இந்தப் பெட்டியை நான் தள்ளிவிடவில்லை. நடுவிலிருந்து இரண்டு அடிக்குள் எல்லோரும் அடங்கினால் அந்தப் பள்ளம் 2,800 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும். பெரும்பாலான பெட்டிகளில் அதற்குள் வேலை ட்வீட்டர் கைக்கு வந்திருக்கும். இருவர் உட்காரும் சோபாவுக்கு இது போதும். கடையில் கேட்டுப் பார்க்கும்போது மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. அண்ணாச்சி உங்களை நடு நாற்காலியில் உட்கார வைத்துத்தான் போட்டுக் காட்டுவார், அந்த இடத்தில் எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான். எழுந்து ஐந்து அடி ஓரமாய்ப் போய் நின்று கேளுங்கள்.

என் மனதுக்கு மிகவும் பிடித்த வழிக்கு வருகிறேன். இடத்திலும் வலத்திலும் என்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வைத்திருக்கிறீர்களோ, அதே மாடலில் இன்னொன்றை நடுவில் நிமிர்த்தி வைப்பது. ஒரே ஒரு வூஃபர், அதற்கு நேர் மேலே ட்வீட்டர். பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தாலும் இரண்டுக்கும் உள்ள தூர வித்தியாசம் அநேகமாக மாறாது. ஓரத்தில் இருப்பவருக்கு உச்ச ஸ்தாயி சற்றுக் குறையும், குரல் உடையாது. மூன்றும் ஒரே ஸ்பீக்கர் என்பதால் திரையில் ஒரு பஸ் இடமிருந்து வலம் போனால் நடுவில் வேறு பஸ்ஸாக மாறாமல் அதே பஸ்ஸாகப் போகும். இதில் இரண்டு இடைஞ்சல் உண்டு. ஒன்று, இந்த ஸ்பீக்கர்களைப் பெரும்பாலும் ஜோடியாகத்தான் விற்கிறார்கள். ஒன்றுக்காக இரண்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும். அப்படியும் பல நேரம் அந்த வரிசையின் சென்டர் விலைக்குப் பக்கத்தில்தான் வரும், விசாரித்துப் பார்க்கலாம். இன்னொன்று உயரம். பன்னிரண்டு பதின்மூன்று அங்குலப் பெட்டி டிவிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் நுழையாது. ஆனால் நம் வீடுகளில் டிவியைப் பெரும்பாலும் பிள்ளைகள் கை எட்டாமல் உயரத்தில் ஆணி அடித்து மாட்டியிருப்போம். அந்த உயரம் கழுத்துக்கு வலி என்று நான் பல காலம் சண்டை போட்டிருக்கிறேன். இந்த ஒரு காரியத்துக்கு அது உதவுகிறது. டிவிக்குக் கீழே இரண்டு அடி வெறுஞ்சுவர் இருந்தால் ஒரு தாழ்ந்த மேசை போட்டு ஸ்பீக்கரை நிமிர்த்திவிடலாம்.

ஏற்கெனவே இரண்டு வூஃபர் பெட்டி வாங்கிவிட்டவர்கள் காசில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். அதையே செங்குத்தாக நிமிர்த்தி வையுங்கள். பள்ளம் பக்கவாட்டிலிருந்து மேல்கீழாகத் திரும்பிவிடும். உட்கார்ந்திருப்பவர் காதுகள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை. பார்க்க ஒரு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இடம் இருந்தால் இதுவே மலிவான தீர்வு.

நிமிர்த்த வழியே இல்லை, படுக்கைப் பெட்டிதான் முடியும் என்றால் நான்கு டிரைவர் (வூஃபர், ட்வீட்டர் போல ஒலி எழுப்பும் பாகம்) உள்ள, ஒலியை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் த்ரீ-வே சென்டரைப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் வூஃபர், நடுவில் இடைப்பட்ட ஒலிக்கான ஒரு சின்ன மிட்ரேஞ்ச், அதன் தலைக்கு மேல் ட்வீட்டர். இதில் வூஃபர்கள் தாழ்ந்த ஒலியோடு, உத்தேசமாக 500 ஹெர்ட்ஸ் பக்கமே நின்றுவிடும். அங்கே அலை முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம் என்பதால் சில அங்குல வித்தியாசம் பெரிதாக வெட்டாது. குரலின் முக்கியப் பகுதி நடுவிலுள்ள ஒரே கோட்டிலிருந்து வருகிறது. பெட்டி பெரிது, கனம் அதிகம், விலையும் அதிகம். நான்கு டிரைவர் இருந்தாலே த்ரீ-வே என்று நினைத்து வாங்கிவிடாமல், முன்வலையைக் கழற்றி மிட்ரேஞ்சும் ட்வீட்டரும் ஒன்றன்மேல் ஒன்று இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோஆக்ஸியல் வகை இதற்கு மாற்று. வூஃபரின் நடுக்குழியிலேயே ட்வீட்டர் உட்கார்ந்திருக்கும். டேனாய் கம்பெனி 1947இலேயே இந்த வழியில் இறங்கியது; கெஃப் 1988இல் யூனி-க்யூ என்ற பெயரில் கொண்டுவந்தது இன்று வரை தொடர்கிறது. ஒலி ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதால் படுக்க வைத்தாலும் நிமிர்த்தினாலும் பக்கவாட்டில் ஒரே சீர். ஒடுக்கமான இடத்தில் வைக்கவும் தோது. வூஃபர் அதிகமாக ஆடினால் ட்வீட்டர் ஒலியும் சேர்ந்து ஆடும் என்பதால் ரிசீவரில் கிராஸோவரை (ஒலியைப் பிரிக்கும் எல்லையை) 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வைத்து ஆழ்ந்த ஒலியை சப்வூஃபரிடம் தள்ளிவிட வேண்டும். இடம், வலமும் இதே வகையாக இருந்தால்தான் முழு பலன். கையில் காசு இருந்து, புதிதாக எல்லாம் சேர்த்து வாங்குபவருக்கு நான் இதைச் சொல்வேன்.

அசெம்பிள் செட் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் நிறைய. போர்டு வாங்கி ஆம்ப் கட்டி, ஆசாரியிடம் பெட்டி செய்து, நாலு அங்குல டிரைவர் போட்டு ஓட்டுகிறார்கள். அவர்கள் உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு, அதனாலேயே இதைச் சொல்கிறேன். சென்டர் பெட்டியில் மட்டும் அநேகமாக ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. நாலு அங்குலம் இரண்டை இரண்டு ஓரத்திலும் வைத்து, நடுவில் ட்வீட்டருக்குத் தாழ்ந்த ஒலி போகாமல் ஒரே ஒரு கப்பாசிட்டர் போட்டு முடித்துவிடுகிறார்கள். நாலு அங்குல டிரைவர்களுக்கு உச்ச ஒலி போகாமல் தடுக்க காயில் எதுவும் இல்லாததால் அவை மேலே வரை ஓடி, ட்வீட்டரோடும் சண்டை போட்டு, நான் சொன்ன பள்ளத்தை இன்னும் அகலமாக்கும். ஒரு டிரைவரைக் குறைத்து, மற்றதை ட்வீட்டருக்கு அடியில் வைத்து, நிமிர்ந்த பெட்டியாகச் செய்யச் சொல்லுங்கள். செலவும் குறையும். டிரைவர் வாங்கும்போது விளிம்பு ரப்பராக இருக்கட்டும்; ஃபோம் விளிம்பு நம் வெயிலுக்கு சில வருடத்தில் பொடிந்து உதிரும்.

சவுண்ட்பாரை இங்கே சேர்க்கவில்லை. டிவியின் சொந்த ஸ்பீக்கரைவிட மேல்தான், ஆனால் ஏற்கெனவே இடம் வலம் ஸ்பீக்கர் உள்ளவர் அதை சென்டராகப் பயன்படுத்த முயல்வதில் பொருத்தமில்லை.

எதை வாங்கினாலும் வைக்கும் இடம் பாதி வேலையைக் கெடுக்கும். நம் வீட்டு சிமெண்ட் ஷெல்ஃப், கண்ணாடி ஷோகேஸ் குழிக்குள் சென்டரைத் தள்ளி வைத்தால் குரல் குடத்துக்குள் பேசியதுபோல் உருளும். சுற்றிலும் நெருங்கிய பரப்புகள் 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை தூக்கிக் கொடுப்பதால் வரும் கனம் அது. பெட்டியின் முன்முகம் தட்டின் விளிம்போடு சமமாக இருக்கும்படி இழுத்து வைத்து, பக்கத்து இடைவெளியில் பழைய இலவம்பஞ்சுத் தலையணையைச் செருகுங்கள். பின்பக்க ஓட்டையை மட்டும் அடைத்துவிட வேண்டாம். பெட்டி முழங்கால் உயரத்தில் இருந்தால் முன்பக்கம் ரப்பர் துண்டு கொடுத்துக் காதைப் பார்க்கச் சாய்க்கவும். டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் எதிரொலிக்கும். ஒரு தடவை கை தட்டிப் பார்த்தாலே தெரியும். பத்தமடைப் பாய் விரித்துப் பார்த்தேன், கண்ணுக்கு அழகு, ஒலிக்கு ஒன்றும் நடக்கவில்லை. கனமான ஜமுக்காளமும் மடிப்பு மடிப்பாய்த் தொங்கும் திரைச்சீலையும் உதவின. அப்புறம் ஃபேன். சித்திரை, வைகாசியில் ஐந்தில் சுற்றும் ஃபேனின் இரைச்சல் மெய்யெழுத்துகளைத்தான் முதலில் விழுங்கும். அந்த மாதங்களில் சென்டர் அளவை 2 முதல் 3 டெசிபல் கூட்டி வைத்து, சாரல் காலத்தில் ஃபேன் ஓயும்போது இறக்கிக்கொள்ளலாம். இரவில் டைனமிக் ரேஞ்ச் அமுக்கும் வசதியைப் போட்டால் சண்டைக் காட்சிக்கும் பேச்சுக்கும் உள்ள ஏற்ற இறக்கம் குறையும், ரிமோட்டோடு போராட வேண்டாம்.

வாங்குவதற்கு முன்னும் பின்னும் நான் செய்யும் சோதனை இது. வீட்டில் ஒருவரை போனுக்கு ஒரு அடி தூரத்தில் நிறுத்தி, தவளை, தவலை, மலை, மழை, பல்லி, பள்ளி, கிளி, கிழி என்று வரிசை மாற்றி மாற்றி நிதானமாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்வேன். அதை ரிசீவரில் டால்பி சரவுண்ட் (இரண்டு சேனல் ஒலியை எல்லா ஸ்பீக்கருக்கும் பிரிக்கும் வசதி) போட்டு ஓட்டினால், இரண்டு சேனலிலும் ஒரே குரல் என்பதால் அது சென்டருக்குப் போய்விடும். ஆக ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து, கேட்ட சொல்லைத் தாளில் எழுத வேண்டும். நடுவில் ஒரு தடவை, ஓரத்தில் ஒரு தடவை. தினமும் கேட்கும் வீட்டுக் குரல் என்பதால் அது கொஞ்சம் மாறினாலும் காது கண்டுபிடித்துவிடும். எந்த டெமோ டிஸ்க்கையும்விட எனக்கு இது நம்பகமாக இருக்கிறது.

மாமா வீட்டில் கடைசியில் இடம் வலம் ஸ்பீக்கரின் அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கினோம். ஒன்றை டிவிக்குக் கீழே கடப்பைக்கல் பலகை மேல் நிமிர்த்தி வைத்தாயிற்று. கிராஸோவர் 80, சென்டர் 2 டெசிபல் கூடுதல், தூரம் டேப் வைத்து அளந்து போட்டது. தூணோர நாற்காலியில் முன்பு பதினாறு சொல்லில் ஐந்து தப்பியது, இப்போது ஒன்று தப்புகிறது. ஜோடியில் மிஞ்சியது துணி சுற்றி மச்சியில் இருக்கிறது. மூன்றில் எது பழுதானாலும் அதே மாடல் தேடி அலைய வேண்டாம். பழைய படுக்கைப் பெட்டியைப் பெருமாள்புரத்தில் இருக்கும் சித்தப்பா மகனுக்குக் கொடுத்தேன். அவனும் அவன் மனைவியும் மட்டும் இருக்கும் வீடு, இரண்டு பேர் சோபா, டிவிக்கு நேர் எதிரே. அங்கே அதைப் பற்றி ஒரு குறையும் இல்லை.